ஹெட்போனுக்கு வைத்த பொட்டு

பன்னிரண்டு ஹெட்போன்களுக்கு நான் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். அதை இன்று நினைத்தாலும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பும் வந்துவிடுகிறது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இலங்கை மலையகத்தின் பண்டாரவளையில் ஒரு ஹார்ட்வெயார் கடையின் மாடியில் நாங்கள் ஐந்து பெண்கள் ஹெட்போன் செய்துகொண்டிருந்தோம். கடைத்தெருவில் தொங்கவிட்டு விற்கிற சாமான் இல்லை. வெளிநாட்டில் பாட்டுப் பதிவு செய்கிறவர்கள் சொல்லி வைத்து வாங்குகிற சாமான். முதலாளி யாழ்ப்பாணத்து என்ஜினியர். நாங்கள் அவரை ‘சேர்’ என்போம். தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றி, ஒரு சவ்வில் ஒட்டி, காந்தத்தின் இடுக்கில் எங்கும் உரசாமல் இறக்க வேண்டும். மூச்சைப் பலமாக விட்டால்கூட சவ்வு மடங்கிவிடும். முதல் மாதம் நான் கெடுத்த கம்பியில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்கே வேலி கட்டியிருக்கலாம்.

செய்வதைவிடக் கேட்பதுதான் பெரிய வேலை. சேர் தெமோதரை ஸ்டேஷனில் உட்கார்ந்து பதிவு செய்த கேசட் ஒன்று இருந்தது. ரயில் ஸ்டேஷனை விட்டுப் புறப்பட்டு, மலையைச் சுற்றி, அதே ஸ்டேஷனுக்குக் கீழே சுரங்கத்தில் ஓடுகிற சத்தம். அதற்கு நடுவே யாரோ ஒரு கிழவர் மூன்று தரம் இருமுவார். இடது பக்கம், கொஞ்சம் பின்னால் தள்ளி. அவர் இடம் மாறி இருமினால் இரண்டு காதும் ஜோடி சேரவில்லை என்று அர்த்தம். “தாத்தா நகந்துட்டாரு” என்று யாராவது சொன்னால் போதும், அந்த ஹெட்போனைத் திரும்பப் பிரித்துவிடுவோம். முகம் தெரியாத அந்த மனிதரின் இருமலை நான் எத்தனை ஆயிரம் தரம் கேட்டிருப்பேனோ.

ஒவ்வொன்றையும் இரண்டு பேர் கேட்க வேண்டும் என்பது சட்டம். ஒருத்தி வேண்டாம் என்றால் வேண்டாம்தான். சேரே நல்லது என்றாலும் வெளியே போகாது. இரண்டு பேருக்கும் திருப்தி என்றால், இரண்டாவதாகக் கேட்டவள் காதுமெத்தையின் உள்பக்கம் தன் பெயரின் முதல் எழுத்தை எழுதி மூடுவாள்.

ஒரு நாள் சேர் எங்களை உட்காரவைத்துப் பேசினார்.

“பிள்ளையள், நான் கனடாவுக்குப் போறன். மனிசியும் மகளும் அங்கைதானே. கொம்பனியை விக்கப்போறன்.”

கொழும்பு ஆள் ஒருவர் வாங்குகிறாராம். மிஷின்களை இங்கே வைப்பதா, கொழும்புக்கு ஏற்றுவதா என்று வெள்ளிக்கிழமை நேரில் பார்த்துவிட்டுத்தான் சொல்வாராம்.

கொழும்புக்கு என்னால் போக முடியாது. அந்த யுத்த காலத்தில் அங்கே சந்திக்குச் சந்தி அடையாள அட்டை கேட்டார்கள். எனக்கு அட்டையே இல்லை, விண்ணப்பம் போட்டு இரண்டு வருடமாகியும் வரவில்லை. மிஷின் போனால் நான் பூனாகலைத் தோட்டத்தில் அம்மாவோடு கொழுந்து பறிக்கத்தான் போக வேண்டும். அம்மா அந்த வேலை செய்துதான் என்னை வளர்த்தார், அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் எனக்குப் பிடித்த வேலை எதுவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதை விட மனமில்லை.

விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். மேலே கிடந்த பழைய கொழுந்துக் கூடையை இறக்கி, அறுந்த கயிற்றை மாற்றி, வாசலில் வைத்தார். “சும்மா இருக்கட்டும்” என்றார்.

தோட்டத்தை நிர்வாகம் செய்யப் புதுத் தொரை வந்தால் மாலை போட்டு வரவேற்பார்கள். எங்களுக்கு வேறு முறை தெரியாது. வெள்ளிக்கிழமை சேர் அந்த ஆளை அழைத்துவரப் போயிருந்த நேரத்தில், ஈயம் பற்றவைக்கிற அக்கா பெரிய தொரை அளவுக்கு ஒரு மாலை கட்டிக்கொண்டு வந்தாள். நான் ஆயுத பூசை மாதிரி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். கம்பி சுற்றுகிற மிஷினுக்கு, குறட்டுக்கு, பிறகு மேசையில் அடுக்கியிருந்த பன்னிரண்டு ஹெட்போன்களுக்கு. அவற்றின் வெளிப்பக்கம் நுண்ணிய கம்பிவலை. வலையின் மேலேயே இரண்டு பக்கமும் வைத்தேன். அழகாகத்தான் இருந்தது.

வந்தவர் ஒரு பெண். குள்ளமான, கண்ணாடி போட்ட கொழும்புத் தமிழ்ப் பெண். தொரைக்குக் கட்டிய மாலை அவருக்கு முழங்காலுக்குக் கீழே தொங்கியது. அவர் அதைக் கழற்றாமலே உட்கார்ந்து, ஒரு ஹெட்போனை எடுத்து மாட்டி, கண்ணை மூடி எங்கள் கேசட்டைக் கேட்டார்.

“ரொம்ப நல்லா இருக்கே” என்றார். சேருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

அத்தோடு நான் விட்டிருக்கலாம். ஆனால் ஒருவர் கேட்டால் அடுத்தவர் கேட்க வேண்டுமே. பழக்கதோஷத்தில் கையை நீட்டி வாங்கி மாட்டிக்கொண்டேன். தாத்தா இடது பக்கம்தான் இருமினார். ஆனால் ஒவ்வொரு இருமலுக்கும் வலது காதில் மெல்லியதாக ஏதோ கரகரத்தது.

அக்கா என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். “ஏ புள்ள, வாய மூடிக்கிட்டு இரு” என்று பல்லைக் கடித்தாள். வாசலில் இருந்த கூடை என் கண்முன் வந்தது. ‘நல்லா இருக்குங்க’ என்று சொன்னால் முடிந்தது. சொல்ல வாய் வரவில்லை.

“இது சரியில்லைங்க மேடம். கரகரங்குது.”

“எனக்கு ஒன்னும் கேக்கலியே?”

சேர் அதைப் பிரித்தார். காந்தத்தின் இடுக்கில் சிவப்புத் தூள். என் குங்குமம் வலை வழியாக உள்ளே உதிர்ந்திருந்தது.

“அத வச்சது நான்தாங்க” என்றேன். மற்றப் பதினொன்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டேன். இன்னும் நான்கைத் தள்ளி வைத்தேன். பயத்திலும் ஆத்திரத்திலும் அழுகை வந்தது, அழுதுகொண்டேதான் கேட்டேன். சேர் அந்த நான்கையும் பிரித்தார். நான்கிலும் சிவப்பு.

மேடம் சேரிடம் கேட்டார்: “நீங்க நல்லதுன்னு சொல்லி, இவங்க வேணாம்னு சொன்னா?”

“வேண்டாம்தான். என்னாலயும் மாத்த ஏலாது.”

அவர் என் பக்கம் திரும்பினார். “நான் முதலாளியா வந்தா எனக்கும் அப்படித்தானா?”

பணிவாக ஏதாவது சொல்ல வேண்டிய இடம் என்று எனக்குத் தெரியும். “ஆமாங்க” என்றுதான் வந்தது. அக்கா தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

மேடம் சிரித்துவிட்டார். மாலையைக் கழற்றி, கம்பி சுற்றுகிற மிஷின் மேல் போட்டார்.

“அப்ப இது இங்கேயே இருக்கட்டும். ஆனா இனிமே பொட்டு வைக்கிறதுன்னா வெளிப் பெட்டிக்கு வைங்க.”

பெட்டியில் கொம்பனியின் பெயர் மாறியது. சேர் கனடாவுக்குப் போனார். என் அடையாள அட்டையும் ஒருவழியாக வந்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகும் பல வருடம் அந்த மாடியில் நான் தாத்தாவின் இருமலைக் கேட்டு, மெத்தைக்குள் என் எழுத்தை எழுதினேன்.

அந்த வெள்ளிக்கிழமை சாயந்தரம் நான் லயத்துக்குப் போனபோது அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்.

“மிஷின் போகலம்மா” என்றேன்.

அம்மா ஊதுகுழலைக் கீழே வைத்தார். எழுந்து வாசலுக்குப் போய் அந்தக் கூடையைத் தூக்கிவந்தார். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, அதற்குள் விறகை அடுக்கத் தொடங்கினார்.