சட்டம் வந்தது, ஒதுக்கீடு வரவில்லை

புதிய சட்டப்படி, ஆட்கடத்தலில் சிக்கிய பெண்ணுக்குப் பாதுகாப்பான தங்குமிடம் கொடுக்க வேண்டும், சாட்சி சொல்லப் போய்வர வாகனம் கொடுக்க வேண்டும் என்று எங்கள் பிரதேச செயலகத்துக்குச் சுற்றுநிருபம் வந்தது. பெண்கள் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. அந்த மாதமே சாய்ந்தமருதிலிருந்து ஒருத்தி வந்தாள்.

இருபத்திரண்டு வயதிருக்கும். புருஷன் விட்டுப் போனபின், கைக்குழந்தையை உம்மாவிடம் கொடுத்துவிட்டு டுபாய்க்கு வேலைக்குப் போனவள். அனுப்பிய ஏஜென்ட் அவளை ஒரு மாடிக் குடியிருப்பில் விற்றிருந்தான்.

"வீட்டு வேலையில்ல மிஸ்" என்றாள், அபாயாவின் கைநுனியைத் திருகியபடி. அதற்குமேல் நான் கேட்கவில்லை. தூதரகத்துக்குத் தப்பியோடி ஊர் வந்து சேர்ந்திருந்தாள்.

சாட்சி சொல்வாயா என்று கேட்டேன். "அவன்ட முகத்துக்கு நேர சொல்லுவன்" என்றாள்.

நான் கணக்காளரிடம் போனேன். அவர் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார்.

"இஞ்ச பாருங்க. சட்டம் வந்திரிக்கி, காசி வரல்ல. எந்தத் தலைப்பில நான் செலவு எழுதுற?"

"வாகனமாவது?"

"டீசலுக்கே இல்ல மிஸ்."

கெட்ட மனிதரல்ல. தன் சட்டைப் பையிலிருந்து பஸ் காசை எடுத்து நீட்டினார்.

வெளி மாவட்டத்தில் இருந்த பாதுகாப்பு இல்லத்தில் இடமில்லை என்றார்கள். அவள் உம்மா வீட்டிலேயே இருந்தாள். அதே ஒழுங்கையில்தான் ஏஜென்டின் வீடும். அவன் பெண்சாதி பழங்களோடு வந்துபோகத் தொடங்கினாள்.

"கோட்டுக்குப் போனா உண்ட பேருதான் புள்ள நாறும்."

வழக்கு கொழும்பில் நடந்தது. இருவரும் பஸ்ஸில் போனோம். சாட்சிகளுக்குத் தனி அறை கிடையாது. தாழ்வாரத்து வாங்கில் அவளுக்கு எதிரே அவன் உட்கார்ந்து போனில் சிரித்துச் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தான். அவள் தலையை நிமிர்த்தவேயில்லை. வழக்கை வேறொரு நாளுக்குத் தவணை போட்டார்கள். அடுத்த முறையும் தவணைதான்.

மூன்றாவது தவணைக்கு அவளைக் கூட்டிப்போக வீட்டுக்குப் போனேன். உம்மா குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார்.

"அவ போயிட்டா மிஸ். குவைத்துக்கு."

"ஆரு அனுப்பின?"

அவர் அடுத்த பிடியை உருட்டினார். பிறகு, "அவன்தான்" என்றார். "வழக்க விட்டாப் புள்ளைக்குப் பால்மா வாங்கித் தாறண்டான். நீங்க என்ன தந்த?"

சாட்சி இல்லாமல் வழக்கு தள்ளுபடியானது.

வருடக் கடைசியில் ஒதுக்கீடு வந்தது, விழிப்புணர்வுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு. செலவழிக்காவிட்டால் திறைசேரிக்குத் திரும்பிவிடும் என்று எல்லோரும் அவசரப்பட்டார்கள். மண்டபம் எடுத்தோம், பனர் கட்டினோம், புரியாணிப் பார்சல் கொடுத்தோம். அந்தச் சட்டம் பெண்களுக்கு என்னவெல்லாம் தருகிறது என்று நானே மைக்கைப் பிடித்து விளக்கினேன். முன்வரிசையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

அடுத்த நோன்பு மாதத்தில், தெரியாத எண்ணிலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. "மிஸ், நான் நல்லா இரிக்கன். உம்மாட்டச் சொல்லுங்க." பின்னால் ஓர் ஆண் அரபியில் அதட்டுவது கேட்டது. திரும்ப அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுநாள் அதுவும் இல்லை.

உம்மாவிடம் முதல் பாதியை மட்டும் சொன்னேன்.