அப்பாவுக்கு அம்மா போட்ட ஏணி

அம்மா அதற்குமுன் இரண்டு முறை பதவி உயர்வு வேண்டாமென்று எழுதிக் கொடுத்திருந்தார். முதல் முறை காரணம், என் பத்தாம் வகுப்புத் தேர்வு. இரண்டாம் முறை, அப்பாவின் குடலிறக்க அறுவை சிகிச்சை. இதற்கு ‘உரிமை விடல்’ என்று பெயர். எழுதிக் கொடுத்துவிட்டால் சில வருடங்களுக்கு அந்தப் பேச்சே வராது.

2008இல் மூன்றாம் முறை வந்தது. குமராட்சிக்கு உள்ளே, கொள்ளிடக் கரையோரம் ஒரு தொடக்கப்பள்ளிக்குத் தலைமையாசிரியர். மஞ்சக்குப்பத்து வீட்டிலிருந்து காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினால்தான் சிதம்பரம் போய் மினிபஸ்ஸைப் பிடிக்க முடியும். நான் சிதம்பரத்தில் விடுதியில் தங்கிப் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். ஆகவே சிக்கல் அப்பாதான். சமையலறை பற்றி அப்போது அவருக்குத் தெரிந்தவை: ஒன்று, தட்டு எங்கே இருக்கிறது என்பது. இரண்டு என்று எதுவும் இல்லை.

அம்மா இந்த முறை விடுவதாக இல்லை. அந்த வருடங்களில் தொடக்கப்பள்ளிகளுக்குச் செயல்வழிக் கற்றல் வந்திருந்தது. பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து படிக்க, பாடத்தை அட்டை அட்டையாகப் பிரித்திருப்பார்கள். ஒவ்வோர் அட்டையிலும் முயல், மயில் என்று ஒரு படம். எதற்குப் பின் எது என்று சுவரில் ஓர் ஏணிப் படம் தொங்கும். ஒரு படியை முடிக்காமல் அடுத்த படிக்குப் போகக்கூடாது. முதலில் ஆசிரியர் உதவியோடு, பிறகு நண்பர் உதவியோடு, கடைசியில் தானே.

ஒரு சனிக்கிழமை நான் வீட்டுக்கு வந்தபோது சமையலறைச் சுவரில் அந்த ஏணி தொங்கியது. அடுப்பு பற்றவைப்பது முயல். சோறு ஆமை. சாம்பார் யானை. ரசம் மயில். ஒவ்வொன்றுக்கும் செய்முறை எழுதிய ஓர் அட்டை. பக்கத்தில், பல் துலக்கினேன், குளித்தேன், நகம் வெட்டினேன் என்று அப்பா தினமும் குறிக்க வேண்டிய ஆரோக்கியச் சக்கரம். அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளரான அப்பா, ஒவ்வொன்றிலும் தேதியோடு சுருக்கொப்பம் இட்டிருந்தார்.

“சோறு வெந்துடுச்சு. நேரா யானைக்குப் போறேனே,” என்றார்.

“ஆமையில மதிப்பீடு முடியல. உக்காருங்க.”

“ஆபீஸ்ல எனக்குக் கீழ பன்னெண்டு பேர் இருக்காங்க.”

“இங்க நீங்களே பாயிலதான் இருக்கீங்க.”

யானையைக்கூட அப்பா ஒருவழியாகத் தாண்டிவிட்டார். மயிலில் மாட்டிக்கொண்டார். மிளகு அள்ளிப் போடுவார். குடித்தால் காது அடைக்கும். மூன்று வாரம் மயிலிலேயே நின்றார். உரிமை விடல் கடிதம் கொடுப்பதென்றால் அந்தத் திங்கள்கிழமைதான் கடைசி நாள்.

அதற்கு முந்தைய சனிக்கிழமை பள்ளிக்கு வேலை நாள். அவசரத்தில் அம்மா அப்பாவின் அட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு, பிள்ளைகளின் கணக்கு அட்டைகளைச் சமையல் மேடையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். எழுத்தில் வந்த உத்தரவை அப்பா கேள்வி கேட்டதில்லை. மேலே மயில் இருந்தது. ‘பத்து விதைகளை எடு. மூன்றை நீக்கு. மீதியை எண்ணு.’ அப்பா பத்து மிளகு எடுத்தார். மூன்றை நீக்கினார். மீதி ஏழையும் எண்ணித் தட்டிப் போட்டார். அன்றுதான் அந்த ரசத்தைக் குடிக்க முடிந்தது.

மாலையில் அம்மா வந்து மறுபக்கத்தைச் சொன்னார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேர் ‘புளியைக் கரைத்து வடிகட்டு’ என்பதைப் படித்துவிட்டு, வரிசையாகச் சத்துணவு ஆயாவிடம் போய்ப் புளி கேட்டிருக்கிறார்கள். ஆயாவும் கொடுத்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை, சிதம்பரம் மேல வீதியிலிருந்து அப்பாவின் அக்கா வந்தார். உரிமை விடல் கடிதத்தை அவரே எழுதி எடுத்து வந்திருந்தார். அம்மா கையெழுத்து மட்டும் போட்டால் போதும்.

“எந்தம்பி பட்டினி கெடந்து கறுத்துட்டான்,” என்றார் அத்தை.

“நான் பொறக்கும்போதே கறுப்புதானே அக்கா,” என்றார் அப்பா.

“அவுங்க பட்டினியெல்லாம் இல்ல அண்ணி. மயில்ல இருக்காங்க.”

“எதுல?”

அம்மா ஏணியைக் காட்டினார். அத்தை அதை மேலிருந்து கீழ்வரை படித்தார். “சரி, இவன் ரசம் வெக்கட்டும். வாயில வெக்க முடியலன்னா நீ கையெழுத்து போடணும்.”

“போடறேன்,” என்றார் அம்மா.

அப்பா பல் துலக்கியதை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தார்.

“புளி போதாதுடா,” என்றார் அத்தை.

“பேசக்கூடாது அண்ணி. மதிப்பீடு நடக்குது.”

அப்பா பத்து மிளகு எண்ணி, மூன்றை டப்பாவில் திரும்பப் போட்டார்.

“அதை எதுக்குடா திரும்பப் போடற?”

“அட்டையில அப்படித்தான் இருந்துச்சு.”

“ஏழா எடுக்கலாமேப்பா,” என்றேன் நான்.

“அது வேற முறை,” என்றார்.

அத்தை ஒரு டம்ளர் குடித்தார். டம்ளரை நீட்டினார். இரண்டாவதையும் குடித்தார். அம்மா கையில் பேனாவோடு நின்றுகொண்டிருந்தார். அது கையெழுத்துக்கா, மதிப்பெண்ணுக்கா என்று தெரியவில்லை.

“உப்பு கொஞ்சம் ஜாஸ்தி,” என்றார் அத்தை. அப்பா தலை குனிந்தார். அத்தை மூன்றாவது முறையும் டம்ளரை நீட்டினார். “எங்க வீட்டுக்காரருக்கும் இதுல ஒரு செட்டு போட்டுக் குடு. அந்த மனுஷனுக்குத் தட்டு எங்க இருக்குன்னே தெரியாது.”

“அப்ப முயலுக்கு முன்னாடி இன்னொரு படி வேணும் அண்ணி,” என்றார் அம்மா. வீட்டில் அட்டை தீர்ந்திருந்தது. அத்தை கொண்டுவந்த கடிதத்தை அம்மா திருப்பிப் போட்டு, வெறுமையாக இருந்த பக்கத்தில் ஒரு நத்தை வரைந்தார்.