மேல் மூலையில் ஒரு கோடு

மகளின் போனில் எதையோ மூடத் தெரியாமல் தடவிக்கொண்டிருந்தேன். "மேல தள்ளுங்கப்பா, போயிரும்" என்றாள். நான் கொம்பியூட்டர் திரையின் மேல் மூலையில் கோடு, சதுரம், பெருக்கல் அடையாளம் என்று மூன்று பொத்தான் இருந்த காலத்து ஆள். அந்தக் கோட்டை நினைத்தாலே எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும். காரணம் மல்லிகா.

சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பு டவுனில் ஒரு நிவாரண ஒஃபிஸ். வீடிழந்தவர்களின் விவரத்தைக் கொம்பியூட்டரில் ஏற்ற நானும் பனிச்சங்கேணி மல்லிகாவும். படிவங்களில் நனைந்து காய்ந்த கடதாசி நாற்றம் அடிக்கும். நான் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கினவன். அவ அங்கே வந்துதான் மவுஸையே தொட்டவ. ஒரே மாதத்தில் என்னை முந்திவிட்டா. எப்படி இருக்கும் எனக்கு? அதுவும், எங்களில் ஒருவருக்குத்தான் வேலை நிரந்தரமாகும் என்று சொல்லியிருந்தார்கள்.

நான் அவ பக்கம் போனால் போதும், டக்கென்று அந்தக் கோட்டை அமர்த்துவா. திறந்திருந்தது கீழே போய் ஒளிந்துவிடும். கேட்டால் ஒன்றுமில்லை என்பா. வேறெங்கோ வேலைக்கு விண்ணப்பம் எழுதுறா என்று நானே முடிவு கட்டி, மனேஜரிடம் போய்க் கோள் மூட்டினேன்.

மனேஜர் வந்து அவட மவுஸை வாங்கி, கீழே ஒளிந்திருந்ததைத் திறந்தார். மேலே நீலப் பட்டியில் ஃபைலின் பெயர் தெரிந்தது. என் பெயர். நான் ஏற்றின பட்டியல்.

வீட்டுச் சொந்தக்காரர் என்ற கட்டத்தில் ஒரு ஊர் முழுக்க ஆம்பிளைகளின் பெயரைப் போட்டிருந்தேன். எங்கட பக்கம் வீடு பொம்புளைப் பிள்ளைக்குச் சீதனமாகப் போறது, உறுதிப் பத்திரமும் அவ பேரில்தான் இருக்கும். எங்கட வீட்டையே அக்காவுக்கு எழுதிக் கொடுத்த பிறகு அதில் ஒரு மூலையில் கிடந்தவன் நான். என்ட லட்சணத்தைப் பாருங்கள்! உறுதியோடு பொருந்தாத பட்டியல் போயிருந்தால் அந்தச் சனத்துக்கு வீடு கிடைத்திராது. மல்லிகா தன்ட வேலை முடிய, படிவங்களைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திருத்தியிருக்கிறா. நான் வெட்கப்படக் கூடாதென்று மறைத்திருக்கிறா.

"இவர்ர ஃபைலில உங்களுக்கு என்ன வேலை?" என்று மனேஜர் கேட்டார்.

அவ என்னைப் பார்க்கவேயில்லை. "அவர்தான் சேர் பிழையைக் கண்டுபிடிச்சவர். நான் ஏத்திக் குடுக்கிறன்."

அந்த நல்ல பேரை நானே வாங்கிக்கொண்டேன். வேலை எனக்குக் கிடைத்தது.

அவ ஊருக்குப் போனா. பிறகு அவட ஊர் இருக்கிற வாகரைப் பக்கம் சண்டை மூண்டு சனமெல்லாம் எழும்பி ஓடியது. எல்லாம் முடிந்த பிறகு பனிச்சங்கேணிக்குப் போய் விசாரித்தேன். திரும்பி வந்தவர்களில் அவ இல்லை. எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒஃபிஸ் இருந்த கட்டடத்தில் இப்போது துணிக்கடை.

அவட கை வேகத்தை எப்போதோ மன்னித்துவிட்டேன். அந்த மனசைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை. எனக்கு அப்படியொன்று ஒரு நாளும் வாய்க்கவில்லை. கோள் சொன்னது நான்தான் என்று அவவிடம் சொல்ல நேரம் கிடைக்கவில்லை என்று கதை விட மாட்டேன். அதற்குப் பிறகும் மூன்று கிழமை பக்கத்துக் கதிரையில்தான் இருந்தா.