பொத்துவிலிலிருந்து சாய்ந்தமருதுக்கு, இரண்டு பல்புகளுக்காக

யுத்தம் முடிந்த வருடத்து ஒக்டோபர் மாதம், ஒரு சனிக்கிழமை காலை 6.40க்குப் பொத்துவிலிலிருந்து மோட்டார் சைக்கிளில் புறப்பட்டேன். முன்பக்கம் பொருத்தியிருந்த இரண்டு துணை விளக்குகளிலும் பல்ப் இல்லை. வெடித்துப்போன அந்த இரண்டு பல்புகளும் பஞ்சு சுற்றி ஒரு தீப்பெட்டிக்குள் என் சட்டைப் பையில் இருந்தன. விற்ற கடைக்காரரிடம் காட்டி நியாயம் கேட்கப் போய்க்கொண்டிருந்தேன்.

என் மனைவி பிரசவம் பார்க்கும் மருத்துவ மாது; ஊரார் மிஸி என்பார்கள். யுத்த காலத்தில் இருட்டிய பின் யாரும் அவரை அழைக்கவும் முடியாது, அவர் போகவும் முடியாது. பாதை திறந்ததும் அழைப்புகள் வரத் தொடங்கின. பாடசாலை எழுதுவினைஞனான நானே அவரை ஏற்றிச் செல்வேன். கோமாரிப் பக்கம் யானை வீதியைக் கடக்கும். என் பழைய வண்டியின் முன்விளக்கு முப்பது அடி தூரம்கூடத் தெளிவாகக் காட்டாது. அதற்காகத்தான் துணை விளக்குகள் போட்டேன்.

மூன்று வாரங்களுக்கு முன் ஓர் இரவு கோமாரியில் ஒரு பெண்ணுக்கு நாள் முந்தி வலி கண்டுவிட்டது. அன்றுதான் அந்த விளக்குகள் முதன்முறையாகத் தொடர்ந்து எரிந்தன. இருபது நிமிடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டும் வெடித்தன. யானைக்குப் பயந்து, ஒரு லொறி வந்து அதன் வெளிச்சத்தில் பின்னால் போகும்வரை ஐம்பது நிமிடம் வீதியில் நின்றோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தாய் பிழைத்திருந்தார். பிள்ளை இல்லை.

அடக்கம் முடிந்த அன்று அந்தத் தகப்பனிடம் வெடித்த பல்பைக் காட்டி, "கடைக்காரன் பிழையான சாமான் தந்துட்டான், தம்பி" என்று சொன்னேன்.

"அவன்ட வீட்டையும் கடல் எடுக்கட்டும்" என்றார் அவர். நான் மறுக்கவில்லை.

7.05க்குக் கோமாரியைக் கடந்தேன். அந்த வீட்டு வாசலில் வேகத்தைக் குறைக்கவில்லை. திருக்கோவிலுக்கு முன்பும் பின்பும் மூன்று சோதனைச் சாவடிகளில் இறங்கி அடையாள அட்டை காட்டினேன். 8.20க்கு அக்கரைப்பற்று, இடியப்பமும் தேநீரும். ஒலுவிலிலிருந்து நிந்தவூர் வரை வயல்களில் பெரும்போக உழவு நடந்துகொண்டிருந்தது. சேற்றுச் சக்கரத்தோடு உழவு இயந்திரங்கள் வீதியில் ஏறியதால் தார் முழுவதும் மண்கட்டி. 9.35க்குச் சாய்ந்தமருது. வண்டி மீற்றரின்படி 66 கிலோமீற்றர்.

கடை, கடற்கரைக்குப் போகும் வீதியில் இருக்கிறது. அந்த வீதியில் கிழக்கே போகப் போக வீடுகள் குறைந்து, வெறும் அத்திவாரங்கள் மட்டும் தெரியும். கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். தீப்பெட்டியைத் திறந்து மேசையில் வைத்தேன். பராமரிப்பில் என் குறை எதுவுமில்லை என்று காட்டக் குறிப்புப் புத்தகத்தையும் நீட்டினேன். ஒவ்வொரு வெள்ளியும் விளக்கைக் கழற்றி, உப்புக்காற்றில் துருப்பிடிக்காமலிருக்கத் தேங்காய் எண்ணெய் பூசியதைத் தேதிவாரியாக எழுதியிருந்தேன்.

அவர் இரண்டு பக்கம் வாசித்தார். "எண்ணெய் எங்க பூசின, காக்கா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

"இரும்புல, வயருல, பல்புலயும்தான்."

"பல்புக்கு எண்ணெய் வெச்சு, தலையும் வாரி விட்டீங்களா?" என்று சிரித்தார்.

பிறகு பல்பை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். உடைந்தது போக மிஞ்சிய கண்ணாடி ஒரு பக்கம் கொப்புளம்போல் வீங்கிக் கருகியிருந்தது. "இது ஹலஜன். இந்தக் கண்ணாடியில விரல் பட்டாலே கூடாது. எண்ணெய் பட்ட இடம் மட்டும் கூடச் சூடேறி வெடிக்கும். கடக்கரை ஆக்கள்ற கை வழக்கம் இது, பூட்டுக்கும் எண்ணெய், எஞ்சினுக்கும் எண்ணெய். நீங்க மட்டும் இல்ல." என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஆருக்கும் ஒண்டும் ஆகல்லதானே?"

"ஒரு பிள்ள மவுத்தாகிட்டு" என்றேன்.

மரணச் செய்தி கேட்டால் சொல்லும் இன்னாலில்லாஹியை அவர் சொன்னார். பிறகு எழுந்து, தலைக்கு மேலிருந்த தட்டிலிருந்து பெட்டிகளை இறக்கினார். கீழே இடுப்புயரம்வரை எல்லாத் தட்டுகளும் காலியாக இருப்பதை அப்போதுதான் கவனித்தேன். ஏன் என்று கேட்டேன்.

"சுனாமிக்குப் பொறகு கீழ ஒண்டும் வைக்கிறல்ல, காக்கா. என்ட மக்கள் ரெண்டு பேரும் அண்டைக்குக் கடையிலதான் நிண்டவங்க."

கோமாரியில் அந்தத் தகப்பன் இட்ட சாபத்தை அவரிடம் நான் சொல்லவில்லை.

"ஐம்பத்தஞ்சு வோட்ஸ் ரெண்டு போட்டா உங்கட பெட்டரி தாங்காது. முப்பத்தஞ்சு எடுங்க. வெள்ளை பாக்க எடுப்பா இருக்கும், ஆனா மாரி மழையில திரும்பி உங்கட கண்ணுலதான் அடிக்கும். மஞ்சள் போடுங்க." ஒன்று 220 ரூபா. விளக்குகளின் உட்புறத்து எண்ணெயை ஸ்பிரிட்டால் துடைத்து, பல்பைக் கடதாசியால் பிடித்து அவரே பூட்டித் தந்தார்.

11.10க்குப் புறப்பட்டேன். அக்கரைப்பற்றில் ளுஹர் தொழுதேன். 2.50க்குக் கோமாரியில் அந்த வீட்டின் முன் நிறுத்தினேன். தகப்பன் வேலி கட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன சேர், பல்ப் எடுத்தீங்களா? அவனுக்கு நல்லாக் குடுத்தீங்களா?"

"பிழை அவர்ட இல்ல, தம்பி. என்ட." எண்ணெய் பூசியதை முதலிலிருந்து சொன்னேன். கடைக்காரரின் பிள்ளைகளைக் கடல் கொண்டுபோனதையும் சொன்னேன்.

அவர் கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டுவிட்டுக் குந்தினார். மனைவி இருந்த வீட்டுப் பக்கம் பார்த்து, "அவட்ட சொல்லாதீங்க, சேர்" என்றார். "அவ அந்தக் கடக்காரன ஏசி ஏசித்தான் ரெண்டு வாய் சோறு தின்னுறா."

"கடைக்காரருக்கு அந்த ஏச்சு வேணாம், தம்பி. என்னை ஏசச் சொல்லுங்க."

அந்தப் பெண் கதவடியில் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. என்னைப் பார்க்கவில்லை, வண்டியின் விளக்குகளையே பார்த்தார்.

"பக்கத்து வீட்டுப் புள்ளைக்கு இப்ப ஒம்பதாம் மாசம்," என்றார். "கூப்பிட்டா மிஸியக் கொண்டு வருவீங்களா?"

"ஓம், வருவன்."

அவர் உள்ளே போய்விட்டார். பிள்ளை வயிற்றிலிருந்தபோது என் மனைவியோடு மூன்று தடவை அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் நாங்கள் அமரும் முன்பே தேநீர் வந்துவிடும். இம்முறை வரவில்லை. வரும் என்று நான் நிற்கவும் இல்லை. வண்டியை வீதிவரை தள்ளிக்கொண்டு வந்த பிறகே இயக்கினேன். பொத்துவிலுக்கு இன்னும் பதின்மூன்று கிலோமீற்றர். அங்கே என் மனைவிக்கும் இதை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.