மூன்றாவது கம்பி

ஒன்பது வயதில் நான் ஒரு நாளைக்கு எத்தனை கேள்வி கேட்கிறேன் என்று என் தாய்மாமன் ஒருமுறை எண்ணிப் பார்த்தார். விடிந்ததிலிருந்து மத்தியானச் சோறு வரைக்கும் நாற்பத்தொன்று. அதற்குமேல் அவர் எண்ணவில்லை. நான் நிறுத்தவும் இல்லை.

எல்லாம் பெரிய பெரிய கேள்விகள். நேற்று என்பது எங்கே போனது? வானம் முடிகிற இடத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? விளக்கை அணைத்தால் வெளிச்சம் எந்த வழியாக வெளியேறுகிறது? மாமா எதற்கும் அசரமாட்டார்.

"நேத்தா? அது காலையிலயே விளாங்குடி பஸ் ஏறிருச்சு மாப்ள. டிக்கெட்டுகூட எடுக்கல."

அவருக்கும் விடை தெரியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் கேள்வி கேட்டால் தலையில் குட்டாத ஒரே ஆள் அவர்தான்.

எங்கள் ஊர் சமயநல்லூருக்கு மேற்கே இருந்தது. எழுபதுகளின் நடுப்பகுதி. மின்சார ஆபீஸ் வயர்மேன் ஒருவர். அவர் தலையில் பதினொரு ஊர். அவருக்காகக் காத்திருந்தால் பயிர் காத்திருக்காது. அதனால் கரண்டு போனால் மாமாவைத்தான் கூப்பிடுவார்கள். டவுனில் ஒரு வயரிங் கடையில் மூன்று வருஷம் கையாளாக இருந்தார் என்பதைத் தவிர அவருக்கு வேறு தகுதி கிடையாது.

ஊருக்குக் கரண்டு மூன்று கம்பிகளில் வந்தது. வயல் மோட்டார் ஓட மூன்றும் வேண்டும். ஒரு கம்பி செத்துப்போனால், மிச்சம் இரண்டை வைத்தே மோட்டாரை ஓட்டுவதற்குக் கண்டன்சர் என்று ஒரு சின்னத் தகரப் பெட்டி உண்டு. அது கூடாது என்று அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள். அவர்கள் வருகிற அன்று ஊரிலுள்ள அத்தனை பெட்டிகளும் வைக்கோற்போருக்குள் போய்விடும். எங்கள் பெட்டியை மாட்டிக் கொடுத்ததும் மாமாதான்.

ஆடிக் காற்றில் ஒருநாள் எங்கள் வயல் பக்கம் போகிற கம்பிகளில் அடிக்கம்பி அறுந்து விழுந்தது. நட்டுப் பன்னிரண்டு நாளான நெல். வயல் வெடிக்கத் தொடங்கியிருந்தது. அறுந்த கம்பி கிடக்கும்போது மோட்டாரைப் போடப் பயந்து அப்பா இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். வயர்மேன் வரவில்லை. மூன்றாம் நாள் காலை மாமா மூங்கில் ஏணியோடு வந்தார்.

முதலில் டிரான்ஸ்பார்மருக்குப் போய், அந்த ஒரு கம்பிக்குரிய பீஸ் கட்டையை மட்டும் பிடுங்கினார். உள்ளங்கை நீளத்தில் வெள்ளைப் பீங்கான். அது இல்லாவிட்டால் அந்தக் கம்பிக்குக் கரண்டு வராது. மற்ற இரண்டையும் அவர் தொடவில்லை. முழுதாக நிறுத்தினால் ஊரே திட்டும்.

அப்பா கேட்டார். "மாப்ள, நான் மோட்டாரப் போடலாமா? பயிரு சுருளுது."

"நீங்க பாட்டுக்குப் போடுங்க மச்சான். பெட்டி எதுக்கு இருக்கு? நான் வேல பாக்கப் போறது மூணாவது கம்பியில."

அப்பா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தார். மாமா பீஸ் கட்டையை என் கையில் வைத்து விரல்களை மூடினார். வேறு யாராவது விவரம் தெரியாமல் சொருகிவிடக் கூடாது என்று அதை வழக்கமாகத் தன் மடியில் முடிந்துகொள்வார். அன்றைக்கு ஏனோ எனக்குக் கொடுத்தார். கேள்வி கேட்டுக்கொண்டு ஏணியடிக்கு வந்து நிற்காமல் இருக்கட்டும் என்றுதான் இருக்கும்.

"இது உன் கையில இருக்குற வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆகாது. எவன் கேட்டாலும் குடுக்காத. இங்கயே உக்காரு."

"அந்தப் பக்கமிருந்து கரண்டு திரும்பி வந்துட்டா?"

"மாடா மாப்ள அது, பொழுது சாஞ்சா வீட்டுக்குத் திரும்பி வர?"

சிரித்துக்கொண்டே போனார். நாலாவது கம்பத்தருகே அறுந்த கம்பியின் இரண்டு முனையிலும் பல்பை வைத்துப் பார்த்தார். எரியவில்லை. "செத்த பாம்பு!" என்று எனக்குக் கேட்கும்படி கத்திவிட்டு, ஏணியில் ஏறினார். நான் டிரான்ஸ்பார்மருக்குக் கீழே கட்டையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிணற்றுப் பக்கம் மோட்டார் உறுமி எழுந்தது.

மாமா சத்தம் போடவில்லை. ஏணி சரிந்தது. அவர் கம்பியோடு சேர்ந்து வரப்பில் விழுந்தார்.

ஆட்கள் கூடி, மூங்கிலால் கம்பியைத் தள்ளிவிட்டபோது நானும் அங்கே நின்றிருந்தேன். எப்படி ஓடினேன் என்று நினைவில்லை. அப்பாதான் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கட்டையை வாங்கினார். அதற்குள் பேச்சு தொடங்கிவிட்டது.

"கட்ட இல்லாம கரண்டு எப்புடிய்யா வரும்?"

"இந்தப் பய சொருகிப் பாத்திருப்பான். இம்புட்டுக் கேள்வி கேக்குற பய சும்மா உக்காந்திருப்பானா?"

அம்மா தன் தம்பியின் காலடியிலிருந்து எழுந்து வந்து என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள். "சொருகுனியாடா? உண்மையச் சொல்லு. என்னன்னு பாப்போம்னு சொருகுனியா?"

இல்லை என்றேன். ஏழெட்டு முறை சொன்னேன். அப்பா பக்கத்தில்தான் நின்றார்.

"அவன விடு" என்றார். அவ்வளவுதான்.

சாயந்தரம் மின்சார ஆபீசிலிருந்து நரைத்த தலையோடு ஒருவர் வந்தார். கம்பியைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார், பிறகு தனியாக எங்கள் மோட்டார் அறைக்கு நடந்தார். அப்பாவும் பின்னால் போனார். வாசலில் நின்று அவர் தணிந்த குரலில் ஏதோ சொல்ல, அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தலையாட்டுவது தெரிந்தது. அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போன பிறகு அப்பா தகரப் பெட்டியைக் கழற்றிக் கிணற்றில் போட்டார்.

"ஏம்ப்பா போட்ட?"

"கெட்டுப்போச்சு."

நான் கேட்ட கடைசிக் கேள்விகளில் அது ஒன்று. பிறகு கேட்பதை விட்டுவிட்டேன். ஊரும் மெல்ல அந்தப் பேச்சை விட்டது. அம்மா மட்டும் என்னிடம் சோற்றுத் தட்டை நீட்டும்போது என் கைகளை ஒரு கணம் பார்ப்பாள். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சொருகியிருப்பேனோ? சொருகி எடுத்துவிட்டு மறந்திருப்பேனோ? அன்றைய காலையை நொடி நொடியாக எண்ணிப் பார்ப்பேன். ஒரு நொடி எப்போதும் குறையும்.

மதுரையில் கல்லூரி இரண்டாம் வருஷம். ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் ஒரு மோட்டாரை ஓடவிட்டு, மூன்று கம்பிகளில் ஒன்றைக் கழற்றினார். மோட்டார் நிற்கவில்லை. கழற்றிய இடத்தில், மோட்டார் பக்கத்து முனையில், ஒரு பல்பை வைத்தார். அது எரிந்தது. "இரண்டில் வாங்கும், மூன்றாவதில் திருப்பி அனுப்பும்" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைக்குத் திரும்பினார். முப்பத்திரண்டு பேர் எழுதிக்கொண்டார்கள். நான் எழுதவில்லை.

அந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போனேன். அம்மா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அப்பாவும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம்.

"காலேஜுல என்ன சொல்லிக் குடுக்குறாங்க?" என்றார்.

"ஒண்ணுமில்லப்பா" என்றேன். அவர் மோரை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

வரப்பில் அன்று என் விரல்களைப் பிரித்தபோது அப்பாவின் முகம் வேறு பக்கம் திரும்பியிருந்தது. மச்சினன் செத்துக் கிடப்பதைப் பார்க்க முடியாமல்தான் என்று அப்போது நினைத்தேன். ஆனால் அவர் என்னையும் பார்க்கவில்லை. கிணற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே மோட்டார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்கால் நிறையத் தண்ணீர் வந்து, நாங்கள் நின்ற வரப்பை நனைக்கத் தொடங்கியிருந்தது.