திலகம் அக்காவின் தண்ணீர்ப்பந்தல்

திலகம் அக்காவைச் சீண்டிவிட்டு, பிரான்சில் எங்கள் லா சப்பலில் ஒருவரும் தப்பியதில்லை. அரியரத்தினத்தாருக்கு மட்டும் அது தெரியவில்லை, நாசமாய்ப் போவார்! எங்கள் தெரு வர்த்தகர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். என் தையல் கடைக்குப் பக்கத்தில் அக்காவின் தேநீர்க்கடை. வன்னியிலிருந்து வந்து, உணவகங்களில் கோப்பை கழுவிக் கழுவி எடுத்த கடை அது.

போன வருடம் கோயில் தேருக்கு முன்னர் சங்கம் தீர்மானம் போட்டது. எல்லாக் கடைகளும் தேருக்கு வரி கட்ட வேண்டும். தேரன்று தெருவில் தேநீர் விற்கும் உரிமை தலைவருக்கு மட்டும். சின்னக் கடைக்காரருக்குக் கூட்டத்தில் வாக்குக் கிடையாது. தேரன்று விற்கும் தேநீரில்தான் அக்கா கடை வாடகையைச் சமாளிப்பார். பாவம், கண்கலங்கிப் போனார்.

அந்தக் கிழமை அக்காவின் மகள் அக்‌ஷரா கடை மேசையில் சரித்திரம் படித்துக்கொண்டிருந்தாள். அமெரிக்காவில் குடியேறிய சனம் ஏன் இங்கிலாந்து ராசாவை எதிர்த்தது என்று அக்கா கேட்டார்.

“பிரான்சோடை சண்டை பிடிச்ச கடனுக்கு இங்கிலாந்து அவையிட்டை வரி கேட்டது அம்மா. ஆனா லண்டன் பாராளுமன்றத்திலை அவைக்கு ஒரு ஆளும் இல்லை. கத்தினாப் பிறகு வரியளை எடுத்திட்டு, தேயிலை வரியை மட்டும் விட்டுவைச்சவை. பிறகு தேயிலை விக்க ஒரு கொம்பனிக்கு மட்டும் சலுகை. கோவத்திலை தேயிலையைக் கடலிலை கொட்டிட்டினம்.”

“சீ, சாப்பாட்டுச் சாமானைக் கொட்டுறதோ?” என்றார் அக்கா. “மற்றதெல்லாம் எங்கடை கதைதானடி!”

தேரன்று அக்காவின் கடை வாசலில் தண்ணீர்ப்பந்தல் எழும்பியது. இஞ்சித் தேநீர், இலவசம். பாலும் சீனியும் சின்னக் கடைக்காரர் நாங்கள் கொடுத்தோம். பக்தர்களின் தாகம் தீர்ப்பதை எந்தச் சங்கம் மறிக்கும்? சனம் முண்டியடித்தது. எதிரே தலைவரின் அண்டாக்கள் தொடுவாரில்லாமல் கிடந்தன. எனக்கு வயிறு குளிர்ந்தது!

மத்தியானம் அவரே வந்தார். “பிள்ளை, வரியைப் பாதியாக்கிறன். இதை நிப்பாட்டு.”

“குறைக்கச் சொல்லிக் கேக்கேல்லை அண்ணை. எங்களுக்கு வாக்கு வேணும். இல்லாட்டி ஒவ்வொரு தேருக்கும் பந்தல்தான்.”

சனம் பார்த்துக்கொண்டு நின்றது. “ஓம், வாக்குத் தாறன்” என்றார் தலைவர்.

அடுத்த கூட்டத்தில் எங்களுக்கும் கதிரை போட்டார்கள். அக்கா எழும்பி, தலைவரை மாற்ற வேண்டும் என்றார். தெருவில் சின்னக் கடைகள்தான் அதிகம்; நாங்கள் எல்லாரும் கையைத் தூக்கினோம். அரியரத்தினத்தார் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவர் பார்த்து முடிக்கும்வரை ஒருவரும் கையை இறக்கவில்லை.