அத்தான் தேர்ந்தெடுத்த வசனம்

நீடாமங்கலம் ரயிலடியில் சரக்கு வண்டி கடக்கும் இரைச்சலுக்குள் நின்றுதான் என் அக்கா வீட்டுக்காரர் வசனம் பேசிப் பழகுவார். வண்டி போனதும் சட்டென்று வாயை மூடிக்கொள்வார். கூலித் தகராறில் மிராசுதார் அறுவடைக்கு வெளியூர் ஆட்களை இறக்கி, எங்கள் தெருவில் ஒருவருக்கும் வேலை இல்லாமல் போன வருஷம் அது. தஞ்சாவூரில் ஒரு நாடகக் குழு ஆள் எடுக்கிறது, வருகிறவர்கள் தங்களுக்குப் பிடித்த வசனத்தைத் தனியாகப் பேசிக்காட்ட வேண்டும் என்று கேள்விப்பட்டு அத்தான் கிளம்பத் தயாரானார்.

மேடை என்றாலே அடுக்குமொழி என்றிருந்த காலம். அத்தானும் அரசவையில் ஒரு தளபதி குமுறுகிற வசனத்தை எடுத்துக்கொண்டார். வீட்டில் ஒருநாள் முழுதாகப் பேசிக்காட்டினார். தையல் மெஷினை நிறுத்திவிட்டு நான் கைதட்டினேன். அக்கா தட்டவில்லை.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா அதுல நீங்க இல்லையே” என்றாள். “காரியக்காரரு வரப்புல நின்னு பேசுனாரே, அதைப் பேசுங்க.”

மிராசுதாரின் நிலத்தைப் பார்த்துக்கொண்டவர் அந்தக் காரியக்காரர். இனி யாரும் வர வேண்டாம் என்று எங்களிடம் சொன்னவர் அவர்தான். “அந்தாளு வாயால என்னைப் பேசச் சொல்றியா?” என்று அத்தான் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். அதன்பிறகு இருவருக்கும் பேச்சே இல்லை.

தஞ்சாவூருக்கு மூவரும்தான் போனோம். அத்தானுக்கு முன்னால் வந்தவர்கள் எல்லோரும் கர்ஜித்தார்கள். தேர்வு செய்ய உட்கார்ந்திருந்தவர்கள் டீ குடித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தளபதி வசனம் வரும் என்று நான் காத்திருந்தேன். அத்தான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். குரல் உயரவே இல்லை.

“ஏம்ப்பா, உங்கள எனக்குத் தெரியாதா? நீங்க நட்ட வயலுதானே இது. நானா போகச் சொல்றேன்? ஐயா மனசு ஆறட்டும். இப்ப போயிட்டு வாங்க...”

டீ டம்ளர்கள் கீழே இறங்கின. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்றே அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். திரும்பும் வழியில் அத்தான் சந்தோஷமாக இல்லை. “பேசுறப்பதான் புரிஞ்சுது. அந்தாளும் பயந்துக்கிட்டேதான் நின்னுருக்காரு” என்று அக்காவிடம் மட்டும் சொன்னார்.

இன்று அக்காவின் பேரன் சினிமாத் தேர்வுக்குப் போக, செல்போனில் வசனம் தேடிக்கொண்டிருக்கிறான். எல்லாமே கத்துகிற வசனங்கள். எதைப் பேசலாம் என்று என்னைக் கேட்கிறான். அவனுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது ஒரு சம்பவம்தான்.

அந்த வரப்புப் பேச்சை வைத்தே குழு ஒரு நாடகம் போட்டது. கீழ்வேளூரில் அதில் அத்தான் காரியக்காரராக நடித்தபோது, பார்க்க வந்திருந்த எங்கள் தெரு ஆட்களில் ஒருவர் மண்கட்டியை விட்டெறிந்தார். அத்தான் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு மேலே பேசினார். நாடகம் முடிந்து அரிதாரம் கலைத்துக்கொண்டிருந்தபோது, கொட்டகைக்குப் பின்னால் நிஜக் காரியக்காரரே வந்து நின்றார்.

“நான் அப்படியாப்பா பேசினேன்?”

அத்தான் எழுந்து நின்றார்.

“இல்லீங்க. நீங்க இன்னும் தன்மையா பேசுனீங்க.”